இணையப் படைப்பாளர்களின் சட்டப் பாதுகாப்பு: ஸ்ரீபெரும்புதூர் 2021 நிகழ்வும் வரலாற்றுப் பின்னணியும்

இணையப் படைப்பாளர்களின் சட்டப் பாதுகாப்பு என்பது காணொளி, எழுத்து, ஒலி, படம் ஆகியவற்றை இணையத்தில் வெளியிடுவோருக்கு இந்தியச் சட்டம் அளிக்கும் உரிமைகளையும், அவர்கள் மீது சுமத்தும் பொறுப்புகளையும் குறிக்கும். இந்தியாவில் யூடியூபர்களுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, குற்றவியல் சட்டங்கள், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவை சேர்ந்தே இப்பாதுகாப்பை உருவாக்கியுள்ளன. இவற்றுள் முதன்மையான சில தீர்ப்புகள் தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்து பிறந்தவை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியில் நடந்த போராட்டமும் அதையொட்டிய கைதும் இச்சட்டங்களின் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்டின.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி

இராமானுசர் பிறந்த ஊராகவும், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடமாகவும் அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர், 1990-களின் இறுதியில் தொழில் நகரமாக மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி 1998-இல் தொடங்கியது. 2006-இல் நோக்கியா கைபேசி ஆலை இயங்கத் தொடங்கி 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. சாம்சங், பாக்ஸ்கான் ஆகியவை சுங்குவார்சத்திரம் பகுதியில் பெரும் ஆலைகளை நடத்துகின்றன.

மின்னணு ஆலைகளில் பெரும்பாலும் இளம்பெண்களே வேலை செய்கின்றனர். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்து, ஒப்பந்ததாரர்கள் நடத்தும் விடுதிகளில் தங்கி, நிறுவனப் பேருந்துகளில் ஆலைக்குச் செல்வது இவர்களின் வழக்கம். ஒரே விடுதியில் நூற்றுக்கணக்கானோர் தங்குவதால், கைபேசியில் பரவும் ஒரு செய்தி சில மணி நேரத்தில் பல விடுதிகளை எட்டிவிடும். 2021-இல் நடந்ததும் அதுவே.

2021 டிசம்பர் நிகழ்வு

2021 டிசம்பர் நடுப்பகுதியில், ஆப்பிள் ஐபோன்களைப் பொருத்தும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சானது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் கணக்குப்படி 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனைக்குச் சென்ற தோழிகளின் நிலை பிறருக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைபேசிகளில் பரவியது. டிசம்பர் 17 இரவு தொழிலாளர்கள் திரண்டு சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை மறித்தனர். மறியல் மறுநாளும் தொடர்ந்தது. யாரும் இறக்கவில்லை என்று மாவட்ட நிர்வாகம் விளக்கியது.

இறப்புச் செய்தி தவறானது. ஆனால் போராட்டத்துக்குக் காரணமாக இருந்த மற்றவை உண்மை. ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் சில இடங்களில் தனது தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, டிசம்பர் இறுதியில் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. பின்னர் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வகையில் 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

போராட்டம் முடிந்த ஓரிரு நாள்களில், தொழிலாளர்கள் இறந்ததாக வதந்தி பரப்பினார் என்ற குற்றச்சாட்டில், நாம் தமிழர் கட்சியைச் சேர்ந்த யூடியூபர் 'சாட்டை' துரைமுருகன் கைது செய்யப்பட்டார். பெண் தொழிலாளர்களையும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரையும் காவல்துறை பிடித்துவைத்துக் கைபேசிகளைப் பறித்தது என்று தொழிற்சங்கத் தரப்பினர் கூறினர். காவல்துறை இதை மறுத்தது.

இந்நிகழ்வில் ஒரே இரவில் இரு செய்திகள் பரவின. உணவு நஞ்சானது என்ற செய்தி உண்மை. அதை வெளியே சொன்னவர்களால் ஆயிரக்கணக்கானோரின் வாழ்நிலை வெளிச்சத்துக்கு வந்தது. இறப்புச் செய்தி பொய். அது பல குடும்பங்களைப் பதற வைத்தது. செய்தி பரவும் வேளையில் இரண்டையும் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. அத்தகைய வேளையில் பேசும் ஒருவரைச் சட்டம் எப்படி எடைபோடுகிறது என்பதற்கான விடை எழுபது ஆண்டு வரலாற்றில் படிப்படியாக உருவானது.

மதராஸ் மாகாணத்திலிருந்து தொடங்கிய வழக்கு

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே கருத்துரிமையின் முதல் பெரும் வழக்கு சென்னை அரசுக்கு எதிராக எழுந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதை, 1949-ஆம் ஆண்டின் சென்னை பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மாகாண அரசு 1950 மார்ச்சில் தடை செய்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1950 மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. கருத்தைப் பரப்பும் உரிமையும் கருத்துரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இன்று ஒரு காணொளியைப் பகிரும் உரிமைக்கும் அடிப்படை இதுவே.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 19(2)-ஆம் பிரிவில் பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல், வெளிநாடுகளுடனான நல்லுறவு ஆகிய காரணங்கள் சேர்க்கப்பட்டன. அதே திருத்தம் 'நியாயமான' என்ற சொல்லையும் சேர்த்தது. இதனால் எந்தக் கட்டுப்பாடும் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயும் வழி திறந்தது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு ஆகியவையும் 19(2)-இல் உள்ள காரணங்கள். இப்பட்டியலுக்கு வெளியே வேறு காரணம் காட்டிக் கருத்துரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் மீண்டும் உறுதிசெய்தது. ஒரு செய்தி பொய்யானது என்பது மட்டுமே இப்பட்டியலில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பொய்யால் பொது ஒழுங்கோ ஒருவரின் நற்பெயரோ கெடும்போதுதான் குற்றவியல் சட்டம் குறுக்கிடுகிறது.

ஆட்டோ சங்கர் வழக்கு

இணையப் படைப்பாளர்களுக்கு இன்றும் பயன்படும் தீர்ப்பு, இணையம் பொதுமக்களை எட்டும் முன்பே, 1994 அக்டோபர் 7 அன்று வந்தது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது 1991-இல் தன் வரலாற்றை எழுதினார். ஸ்ரீபெரும்புதூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருந்தது. காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகள் சிலருக்குத் தன்னுடன் இருந்த தொடர்பை அதில் அவர் குறிப்பிட்டிருந்தார். 'நக்கீரன்' இதழ் அதைத் தொடராக வெளியிட முன்வந்தபோது, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். இதழின் ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார்.

நீதிபதி பி. பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு மூன்று விதிகளை வகுத்தது. முதலாவது, தனி மனிதரின் குடும்பம், திருமணம், கல்வி போன்ற சொந்த வாழ்வை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் முதலிய பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதற்கு இச்சலுகை இல்லை. இரண்டாவது, அரசோ அதிகாரிகளோ தங்களைப் பற்றிய வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. மூன்றாவது, பணி சார்ந்த செயல்களைப் பற்றிய கூற்று தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பொருட்படுத்தாமல் அது வெளியிடப்பட்டது என்று நிறுவினால்தான் அதிகாரி இழப்பீடு பெற முடியும். நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பின்னரே வெளியிட்டேன் என்று காட்டினால் வெளியிட்டவருக்கு அது போதும். கூற்று உண்மை என்றே நிறுவ வேண்டியதில்லை.

மூன்றாவது விதி 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் வகுத்த கோட்பாட்டின் தாக்கம் கொண்டது. 2017-இல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த புட்டசாமி தீர்ப்பிலும் ஆட்டோ சங்கர் வழக்கு முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

66ஏ பிரிவின் எழுச்சியும் வீழ்ச்சியும்

2008-இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 'மிகவும் புண்படுத்தும்' செய்தியை இணையத்தில் அனுப்புவதை மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கியது. புண்படுத்துவது எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில்முனைவோர், அரசியல்வாதி ஒருவரைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காகக் கைதானார். அடுத்த மாதம் மகாராட்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதிய இளம்பெண்ணும் அதற்கு விருப்பக்குறி இட்ட அவர் தோழியும் கைதாயினர்.

இதையடுத்துத் தொடரப்பட்ட ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை முழுவதும் நீக்கியது. விவாதிப்பது, ஒரு கருத்தை ஆதரித்துப் பேசுவது, தூண்டுவது ஆகிய மூன்றும் வேறுவேறு என்றும், தூண்டும் நிலையை எட்டும்போதுதான் தடை பொருந்தும் என்றும் தீர்ப்பு விளக்கியது. தீர்ப்புக்குப் பின்னரும் பல மாநிலக் காவல் நிலையங்களில் அப்பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாயின. யாரையும் அப்பிரிவில் விசாரிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

வதந்தி, நல்லெண்ணம், அவதூறு

66ஏ நீங்கிய பின் இணையப் பேச்சுக்கு எதிராக அதிகம் பயன்படுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 505-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவாக உள்ளது. பொதுமக்களிடம் அச்சத்தை ஏற்படுத்தி, அரசுக்கோ பொது அமைதிக்கோ எதிரான குற்றம் செய்யத் தூண்டும் நோக்கத்துடன், அல்லது அவ்வாறு நேரக்கூடிய வகையில், வதந்தியை வெளியிடுவது இதன் கீழ்க் குற்றம். தண்டனை மூன்றாண்டு வரை.

இப்பிரிவின் இறுதியில் ஒரு விதிவிலக்கு உண்டு. செய்தி உண்மை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, தீய நோக்கமின்றி நல்லெண்ணத்துடன் வெளியிட்டிருந்தால் அது குற்றமாகாது. 'நல்லெண்ணம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் பேச்சு வழக்கிலிருந்து மாறுபட்டது. உரிய கவனமும் அக்கறையும் இன்றிச் செய்த எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது என்கிறது சட்டம். மனம் தூய்மையாக இருந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. செய்தியைச் சரிபார்க்க என்ன செய்தார் என்பதைக் காட்ட வேண்டும்.

சுங்குவார்சத்திரம் போன்ற சூழலில் இதன் பொருள் தெளிவு. விடுதியில் உணவு கெட்டது என்று சொல்பவரிடம் அங்கே தங்கியுள்ள சிலரின் வாக்குமூலமும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விவரமும் இருந்தால் விதிவிலக்கு அவருக்குத் துணை நிற்கும். இத்தனை பேர் இறந்தனர் என்று சொல்பவர் மருத்துவமனையையோ குடும்பத்தையோ மாவட்ட நிர்வாகத்தையோ கேட்காமல், தனக்கு வந்த செய்தியை மட்டும் நம்பியிருந்தால் அத்துணை கிடைப்பது கடினம்.

அவதூறுச் சட்டத்திலும் இதே அளவுகோல் உண்டு. குற்றவியல் அவதூறு 1860 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்து, இப்போது 356-ஆம் பிரிவில் உள்ளது. இது செல்லும் என்று 2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது நலனுக்காகச் சொன்ன உண்மை, பொது ஊழியரின் பணியைப் பற்றி நல்லெண்ணத்துடன் சொன்ன கருத்து, நீதிமன்ற நடவடிக்கை பற்றிய சரியான செய்தி முதலியவை விதிவிலக்குகள். தனியார் நிறுவனமும் அவதூறு வழக்குத் தொடரலாம். ஆலையின் உணவைக் குறைகூறும் காணொளியில் நாள், இடம், நேரில் கண்டது எது, பிறர் சொன்னது எது என்று பிரித்துச் சொல்வதும், நிறுவனத்தின் பதிலைக் கேட்டுச் சேர்ப்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன.

நகைச்சுவைக்கும் நீதிமன்றம் இடம் கொடுத்துள்ளது. பாக்ஸ்கான் போராட்டம் நடந்த அதே 2021 டிசம்பரில், சிறுமலைக்குச் சுற்றுலா சென்ற படத்துக்குத் 'துப்பாக்கி சுடும் பயிற்சி' என்று முகநூலில் வேடிக்கையாகத் தலைப்பிட்ட ஒருவர் மீதான வழக்கை, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் ரத்து செய்தார்.

கைதும் தடுப்புக் காவலும்

பேச்சு தொடர்பான பெரும்பாலான குற்றங்களுக்கு ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையே உண்டு. இத்தகைய வழக்குகளில் கைது தானாக நடக்கக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. முதலில் நேரில் வரும்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். கைது தேவை என்றால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவில் உள்ளது. கைதான 24 மணி நேரத்தில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதும், கைதின் காரணத்தைத் தெரிவிப்பதும், விரும்பும் வழக்குரைஞரைக் கலந்துபேச விடுவதும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தரும் உரிமைகள்.

2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. கவிதை ஒன்றைப் பின்னணியில் சேர்த்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட காணொளிக்காகக் குஜராத்தில் பதிவான வழக்கு அது. மூன்று முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள, பேச்சு சார்ந்த புகார்களில், முதல் தகவல் அறிக்கை பதியும் முன் 14 நாள்களுக்குள் முடியும் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று நீதிமன்றம் கூறியது.

தீர்ப்பளித்த நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோரே அதற்கு முந்தைய ஆண்டில் துரைமுருகனின் மற்றொரு வழக்கையும் விசாரித்தவர்கள். முதலமைச்சரைப் பற்றிய பேச்சுக்காகத் தொடரப்பட்ட அவ்வழக்கில் அவருக்கு 2021-இல் கிடைத்த பிணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. 2024 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பிணையை மீட்டளித்தது. யூடியூபில் குற்றம் சாட்டுவோரையெல்லாம் தேர்தலுக்கு முன் சிறையில் அடைத்தால் எத்தனை பேர் சிறையில் இருப்பார்கள் என்று விசாரணையின்போது நீதிபதிகள் கேட்டனர்.

தமிழ்நாட்டில் படைப்பாளர்களுக்கு மிகக் கடுமையான ஆபத்து, குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம். 2014-இல் இச்சட்டத்தில் 'இணையவழிக் குற்றவாளி' என்ற வகை சேர்க்கப்பட்டது. இதன் கீழ் வழக்கு விசாரணை இன்றியே ஒருவரை 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். காவலுக்கான காரணங்களை ஐந்து நாள்களுக்குள் தர வேண்டும். அரசு 12 நாள்களுக்குள் ஒப்புதல் அளிக்க வேண்டும். மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். இவற்றில் தவறு நேர்ந்தாலோ, உத்தரவுக்குப் போதிய அடிப்படை இல்லாவிட்டாலோ ஆட்கொணர்வு மனு மூலம் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கர், பெண் காவலர்களைப் பற்றி ஒரு நேர்காணலில் பேசியதற்காகத் தேனியில் கைதானார்; சில நாள்களில் அவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. ஆகஸ்டு 9 அன்று உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. அடுத்த சில நாள்களில் இரண்டாவது உத்தரவு வந்தது. செப்டம்பரில் அதுவும் கைவிடப்பட்டது. அவரை நேர்காணல் செய்த ரெட்பிக்ஸ் அலைவரிசையின் ஆசிரியர் பெலிக்ஸ் ஜெரால்டும் கைதானார். அலைவரிசையை மூட வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவருக்குப் பிணை கிடைத்தது. அந்நிபந்தனைக்கு உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தடை விதித்தது. விருந்தினர் பேசியதற்கு நேர்காணல் செய்பவரும் பொறுப்பேற்க நேரிடலாம் என்பதை இவ்வழக்கு காட்டியது.

படைப்பின் மீதான உரிமை

தண்டனையிலிருந்து காப்பது பாதுகாப்பின் ஒரு பாதி. தன் படைப்பைத் தன்னுடையதாக வைத்துக்கொள்வது மறு பாதி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவான கணத்திலேயே உரிமை பிறக்கிறது; பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்து, இசை, ஓவியம் ஆகியவற்றுக்குப் படைப்பாளரின் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டுகளும், காணொளிக்கு வெளியான பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், பணி தருபவருக்குச் சொந்தம். வேலை நேரத்துக்கு வெளியே, தன் கைபேசியில், தன் விருப்பப்படி தொழிலாளி எடுத்த காணொளி தொழிலாளிக்கே உரியது. செய்தி அலைவரிசை அதை எடுத்துப் பயன்படுத்தும்போதும் இவ்வுரிமை மறைவதில்லை.

பிறர் படைப்பைப் பயன்படுத்த 52-ஆம் பிரிவு எல்லை வகுக்கிறது. விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் கையாளலாம். எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக, மூலப் படைப்புக்குப் போட்டியாக அமையுமா என்ற மூன்று கேள்விகளைக் கேரள உயர் நீதிமன்றம் 1996-இல் ஒரு நாடக வழக்கில் முன்வைத்தது. இத்தனை வினாடி வரை எடுக்கலாம் என்ற விதி சட்டத்தில் எங்கும் இல்லை. திரைப்பாடலைப் பின்னணியில் சேர்ப்பவர், பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமையாளர்கள் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கைது ஆணை இன்றியே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எதிர்ப்பக்கமும் சட்டத்தில் உண்டு. அடிப்படையின்றிப் பதிப்புரிமை வழக்கு தொடர்வேன் என்று மிரட்டுவோருக்கு எதிராக, 60-ஆம் பிரிவின் கீழ் படைப்பாளரே வழக்குத் தொடரலாம்.

தளங்களும் முறையீடும்

பயனர் இடும் பதிவுக்குத் தளம் பொறுப்பாகாது என்ற பாதுகாப்பை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு நிபந்தனைகளுடன் தருகிறது. ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பின்படி, நீதிமன்ற உத்தரவோ உரிய அரசு அறிவிப்போ வந்தால் மட்டுமே தளம் ஒரு பதிவை நீக்கக் கடமைப்பட்டது. பதிப்புரிமைப் புகார்களுக்கு வேறு வழி உண்டு. 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி, எழுத்துப் புகார் வந்த 36 மணி நேரத்தில் தளம் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாள்களுக்குள் புகார் தந்தவர் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் தளம் மீண்டும் அனுமதிக்கலாம்.

யூடியூபின் எச்சரிக்கை முறை 1998-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. 90 நாள்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கைகள் வந்தால் அலைவரிசை நீக்கப்படலாம். தவறான எச்சரிக்கைக்கு எதிராக மறுப்பு அனுப்பலாம். அதன் பின் புகார் தந்தவர் 10 வேலை நாள்களுக்குள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒவ்வொரு பெரிய தளமும் குறைதீர் அலுவலரை நியமிக்கச் செய்தன. ஒருவரின் அந்தரங்கப் படம் வெளியானால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021-இல் அவை விதித்தன. அலுவலரின் முடிவை ஏற்காதவர் 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். இவ்விதிகளில் செய்தி வெளியீட்டாளர்களை அரசுக் கண்காணிப்புக்கு உட்படுத்தும் பகுதியைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தனர். மும்பை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடை நாடு முழுவதும் பொருந்தும் என்று 2021 செப்டம்பரில் சென்னை நீதிமன்றம் கூறியது. அரசைப் பற்றிய செய்திகளின் உண்மையை அரசே தீர்மானிக்கும் பிரிவை அமைக்க வகைசெய்த 2023-ஆம் ஆண்டின் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் நீக்கியது.

தொழிலாளர்களும் சாட்சியமும்

ஸ்ரீபெரும்புதூர் போன்ற பகுதியில் படைப்பாளர் என்பவர் பெரும் அலைவரிசை நடத்துபவராக மட்டும் இருப்பதில்லை. விடுதி உணவைக் கைபேசியில் படமெடுத்துப் பகிரும் பெண்ணும் சட்டத்தின் பார்வையில் வெளியீட்டாளரே. அவருக்கு வேலை ஒப்பந்தத்தின் ரகசியக் கட்டுப்பாடுகளும் பொருந்தும். ஆலைக்குள் படமெடுக்கத் தடை இருந்தால் அதை மீறுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவகுக்கலாம். விடுதி அறையும் தெருவும் அப்படியல்ல. எனினும் அறையில் உடனிருப்போரின் முகத்தை அவர்கள் இசைவின்றி வெளியிடாமல் இருப்பது அந்தரங்க உரிமை சார்ந்த கடமை. தொழிலாளர்களின் காணொளியைப் பெற்று வெளியிடுவோர் அவர்களின் அடையாளத்தை மறைக்காவிட்டால், இழப்பு வெளியிட்டவரைவிடத் தொழிலாளிக்கே பெரிதாகும்.

கைபேசியைக் காவல்துறை கைப்பற்றினால் அதற்கான பட்டியலைக் கேட்டுப் பெறலாம். தேடுதலையும் கைப்பற்றலையும் காணொளியாகப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. தவிர்க்க முடியாத சூழலில், நடுவரின் முன் அனுமதியுடன், பெண் காவல் அலுவலர் மூலமாக அன்றி, மாலை மறைந்த பின்னும் காலை விடியும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது.

காணொளி நீதிமன்றத்தில் சாட்சியமாக வேண்டுமானால் அதன் மூலக் கோப்பு முக்கியம். மூலக் கருவியையே முன்வைக்காதபோது மின்னணுச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இப்போது இது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் உள்ளது. வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த நகலில் எடுத்த நாளும் நேரமும் அழிந்திருக்கக்கூடும். அதனால் திருத்தாத மூலக் கோப்பு, பேசியவர்களின் பெயரும் தேதியும் கொண்ட குறிப்பு, நிறுவனத்துக்கோ அலுவலகத்துக்கோ கேள்வி அனுப்பிய மின்னஞ்சல், தவறு தெரிந்தபின் வெளியிட்ட திருத்தம் ஆகியவற்றைச் சேமித்து வைப்பது பின்னாளில் பெரிதும் உதவும்.

மதிப்பீடு

1950-இன் தீர்ப்பு பரப்பும் உரிமையைத் தந்தது. 1994-இன் தீர்ப்பு, நியாயமாகச் சரிபார்த்தவர் தவறினாலும் காக்கப்படுவார் என்றது. 2015-இன் தீர்ப்பு, புண்படுத்தியதற்காக மட்டும் யாரையும் சிறையிடக் கூடாது என்றது. வதந்திக்கான சட்டப் பிரிவின் விதிவிலக்கும், அவதூறின் விதிவிலக்குகளும், ஆட்டோ சங்கர் தீர்ப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: வெளியிடும் முன் சரிபார்க்க என்ன செய்யப்பட்டது? அக்கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்திருப்பவருக்கே இப்பாதுகாப்புகள் முழுமையாகப் பயன்படுகின்றன.

ஆயினும் இவையெல்லாம் நீதிமன்றத்தை எட்டிய பின் கிடைப்பவை. அதற்கு முன்பே கைதும் தடுப்புக் காவலும் பல மாதங்களை எடுத்துக்கொள்ளக்கூடும். சவுக்கு சங்கர் மீதான முதல் தடுப்புக் காவல் உத்தரவை நீக்கவே ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. புகழோ வழக்குரைஞரோ இல்லாத ஒரு விடுதித் தொழிலாளிக்கு அத்தகைய காலம் வேலையையே பறித்துவிடும். 2021-இல் சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் சாலைக்கு வந்ததற்கு, மருத்துவமனையில் இருந்த தோழிகளைப் பற்றி நம்பத்தக்க தகவல் உரிய நேரத்தில் கிடைக்காததும் ஒரு காரணம். உண்மையைச் சொல்வோருக்கு அச்சமற்ற நிலையும், கேட்போருக்கு விரைவான விளக்கமும் கிடைக்கும் இடத்தில் வதந்திக்கு இடம் குறைகிறது என்பதே அந்நிகழ்வு விட்டுச் சென்ற பாடம்.